முகத்துக்கு உரியவர் யார்?

அட்டாளைச்சேனையில் எமது பாடசாலைக் கலைவிழாவுக்கென மாணவர் ஒரு நிழற்படக் கூண்டை அமைத்தனர். பலகைச் சட்டம்; வாசலில் தடித்த திரை; உள்ளே ஒரு வாங்கு; எதிரே வெள்ளைச் சீலையால் மறைத்த விளக்கும் கமராவும். உட்காருபவர் தாமே பொத்தானை அழுத்தித் தம் படத்தை எடுத்துக்கொள்ளலாம். வேலை முடியும் தறுவாயில் மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், எடுத்த படமெல்லாம் பிறகு ஆருக்கிட்ட இரிக்கும்?"

இவ்வினா புதியதன்று. நிழற்படக் கலையின் வரலாறு நெடுகிலும் இவ்வினா தொடர்ந்தே வந்துள்ளது.

1839இல் பிரான்சில் தாகேயரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அக்கலை விரைவிலேயே குடியேற்ற நாடுகளையும் வந்தடைந்தது. ஆங்கில நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கையில் வந்து குடியேறினார். அவர் கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், கோல்புறூக்–கமரன் சீர்திருத்தங்களால் எம் வரலாற்று நூல்களில் இடம்பெற்றவர். இங்கே கோப்பித் தோட்டங்களின் சொந்தக்காரர். இங்கிலாந்தில் டெனிசனையும் டார்வினையும் பெயர் விளங்கப் படமெடுத்தவர் அவ்வம்மையார். 1879இல் இறக்கும்வரை அவர் இலங்கையில் எடுத்த படங்களிலோ, தோட்டத் தொழிலாளரும் கிராமத்தவரும் பெரும்பாலும் பெயரற்றவராகவே நிற்கின்றனர். அவருடைய கலைத்திறனை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால் கருவியும் கண்ணாடித் தகடும் படமும் ஒருவர் கையில் இருந்தன. உழைப்பவருடையது முகம் மட்டுமே.

இந்நிலையை ஓரளவேனும் மாற்றியது ஓர் இயந்திரம். சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரிற் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அனத்தோல் ஜோசெப்போ, 1925இல் நியூயோர்க்கின் புறோட்வே வீதியில் தமது தானியங்கிக் கூண்டைத் திறந்தார். 25 சதத்துக்கு எட்டுப் படங்கள். காத்திருப்பதோ ஏறத்தாழ எட்டு நிமிடம். முதல் ஆறு மாதங்களில் 280,000 பேர் அதனுள் அமர்ந்தனர். செல்வர் மாளிகைச் சுவருக்கென்றிருந்த உருவப்படம் சாதாரண மனிதனின் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்தது. 1927இல் அவ்வியந்திரத்தின் அமெரிக்க உரிமை பத்து இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று.

அதன் செய்முறையில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அங்கே நெகடிவ் என்பது இல்லை. ஒளிபட்ட தாளே இரசாயனத் தொட்டிகளில் தோய்ந்து படமாக வெளிவந்தது. எனவே பிரதி ஒன்றே. அதற்கு உரியவரும் படத்தில் இருப்பவரே. கம்பனியிடம் எதுவும் எஞ்சவில்லை.

எனினும் முகம் அரசுக்கும் வேண்டியிருந்தது. இலங்கையில் 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1972 முதல் படம் பதித்த அடையாள அட்டை வழங்கப்பட்டது. போர்க்காலத்தில் அவ்வட்டையின்றிச் சோதனைச் சாவடியைக் கடக்க அஞ்சாதவர் எம்மில் யார்? இன்றைய கணினிக் கூண்டோ, நாம் கேளாமலே படங்களைச் சேமித்து வைக்க வல்லது.

அப்படியாயின் எல்லாவற்றையும் அழித்துவிடுவதே நீதியா? அதுவுமன்று. 2004 டிசம்பர் 26இல் அம்பாறைக் கரையோரத்தைத் தாக்கிய ஆழிப்பேரலை, பல்லாயிரம் உயிர்களோடு வீட்டுச் சுவர்களில் இருந்த முகங்களையும் அள்ளிச் சென்றது. பிள்ளையை இழந்த தாய்க்கு, எங்கோ எஞ்சிய ஒரு பிரதியைவிடப் பெருஞ்செல்வம் எது?

வைத்திருப்பதா அழிப்பதா என்பதன்று வினா. அதைத் தீர்மானிப்பவர் யார் என்பதே வினா. எம் மாணவர் இதனை விளங்கிக்கொண்டனர். கூண்டினுள் மேலும் இரு பொத்தான்களைப் பொருத்தினர்: ஒன்று 'வைத்திரு', மற்றையது 'அழி'. எதனையும் அழுத்தாது ஒருவர் வெளியேறினால், அச்சிட்ட தாளை அவர் கொண்டுசெல்வார். கருவியிலுள்ள படம் அழிந்துவிடும்.

ஆசிரியராகிய நாமோ விழாதோறும் பிள்ளைகளைப் படமெடுக்கிறோம்; அவர்களைக் கேளாமலே ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம். அவர்களிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் படமெடுக்க, மாணவரிடமிருந்தே நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.