முரட்டுக் கம்பளியின் வரலாறு

தென்னாட்டு வெயிலிற் பிறந்து வளர்ந்த நாம், வடக்கே வந்த முதற் குளிர்காலத்தில், கைக்கு மெத்தென்றிருந்த கம்பளியையே தேர்ந்து கோட்டுத் தைத்துக்கொண்டோம். மேசையில் ஊன்றி எழுதும் முழங்கைப் பக்கம் மறு தை மாதமே இழைவிட்டது. தையற்காரர் நகைத்துவிட்டு, சொரசொரப்பான ‘ட்வீட்’ துணியை எடுத்துக் காட்டினார். அதன் வரலாற்றை அறியும் ஆவல் அன்று பிறந்தது.

ட்வீட், ஸ்காட்லாந்தின் குளிருக்கும் மழைக்கும் ஏற்ப நெய்யப்பட்டது. சாய்வரியாக நெய்த துணியை அந்நாட்டார் ‘ட்வீல்’ என்பர். 1830-ஐ ஒட்டி, லண்டன் வணிகர் ஒருவர் அச்சொல்லை ‘ட்வீட்’ எனப் பிழைபடப் படித்தாராம். அப்பெயரில் ஓர் ஆறும் அங்கே ஓடுவதால் பிழையே நிலைத்துவிட்டது. எழுத்துப் பிழையின் வலிமை குமாஸ்தாக்களாகிய நமக்குப் புதிதன்று!

1846 வாக்கில் டன்மோர் சீமாட்டி, ஹாரிஸ் தீவுக் குடியானவர்கள் வீட்டுத் தறியில் நெய்த ட்வீட்டைப் பிரபுக்களிடையே பரப்பினார். போலிகள் பெருகின. அவற்றைத் தடுக்க 1909-இல் ஒரு சங்கம் அமைந்தது. சிலுவை சூடிய உருண்டை முத்திரையும் வந்தது. 1993-ஆம் ஆண்டுச் சட்டமோ, அத்தீவுகளிலேயே சாயமேற்றி நூற்ற புதுக் கம்பளியை, தீவார் தம் இல்லத்திலேயே நெய்தாலன்றி ‘ஹாரிஸ் ட்வீட்’ என்னும் பெயர் செல்லாது என்கிறது.

நாம் முதலில் மயங்கிய மென்மை மெரினோ ஆட்டினுடையது. ஸ்பெயின் நாட்டார் அவ்வாட்டை நெடுங்காலம் அயலார்க்கு விடாது காத்தனர். உடலுக்கு இதமானதுதான்; நாள்தோறும் மேசையோடு உராயும் முழங்கைக்கு ஈடுகொடாது. கடையில் துணியின் ஓரத்தைக் கைக்குள் இறுகக் கசக்கி விடுங்கள். சுருக்கம் உடனே நிமிர்ந்தால் கோட்டுக்கு ஆகும்.

அன்று தைத்த முரட்டுக் கோட்டு, இன்று நம் மூத்த புதல்வனுக்கு அளவாக இருக்கிறது.