நரம்பு பூண்ட முரசு

சென்ற ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் காலையில் நம் காலனித் திடலில் நிகழ்ந்ததை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கொடியேற்றம் முடிந்து, நம் சிறுவர் பாண்டு வாத்தியக் குழு அணிவகுத்து நடக்கத் தொடங்கிய சிறிது நேரத்திற்கெல்லாம், முன்வரிசையில் முழங்கிய சைடு டிரம்மின் குரல் அடங்கிப் போயிற்று. கோல்கள் விழுந்தவண்ணமே இருந்தன. ஆயினும் வழக்கமான சரசரப்பு எழவில்லை. வெற்றுப் பெட்டியைத் தட்டினாற்போன்ற ஓசையே எழுந்தது. சிறுவர்களின் நடை தடுமாறிற்று. டிரம் வாசித்த சிறுவன் கண்கலங்கி நின்ற காட்சி இன்னும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அதன்பின் கூடிய பொதுக்குழுவில், "இனி ஒலிபெருக்கியில் பாட்டை வைத்து நடத்திவிடலாமே, பாண்டு எதற்கு?" என்று சிலர் கேட்டனர். நெடுநேர வாதத்திற்குப் பிறகு, ஐயாயிரம் ரூபாய்க்குள் புதிய டிரம் ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. அப்பொறுப்பு செயலாளர் மீதும் நம்மீதும் விழுந்தது. நாளெல்லாம் பார்சல் ரசீதுகளைச் சரிபார்க்கும் நமக்கு டிரம்மைப் பற்றி என்ன தெரியும்? ஆகவே, வாங்குமுன் அதன் வரலாற்றைக் கற்றுக்கொள்ளத் துணிந்தோம். கற்றவற்றுள் சிலவற்றை ஈண்டுக் கூறுவோம்.

இந்த டிரம்மின் முன்னோர் இடைக்கால ஐரோப்பாவில் வழங்கிய சிறுபறை ஆகும். ஒரு கையால் குழலூதி, மறு கையால் பறையடித்து, ஒருவனே ஓர் ஊர் முழுவதையும் ஆடவைப்பானாம். அப்பறையின் தோல்மீது குடல்நரம்பு ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தனர். தோல் அதிருந்தோறும் நரம்பும் உடன் துடித்து ஒலியைக் கூர்மையாக்கிற்று. இந்த நரம்பே இவ்வாத்தியத்தின் உயிர். நம் மிருதங்கத்தின் வலந்தலையிலும் தோல்களுக்கிடையே சிறு குச்சிகளையோ கப்பிக் கற்களையோ செருகி நாதத்திற்குக் கூர்மை ஏற்றுகிறார்கள் அன்றோ? நெடுந்தொலைவில் வாழ்ந்த இரு சாராரும் ஒரே நுட்பத்தை நாடியிருக்கின்றனர்.

பின்னர், நீண்ட ஈட்டிகளைத் தாங்கி நெருங்கிய அணியாக நடந்த சுவிட்சர்லாந்துக் காலாட்படையினர், அணி குலையாதிருக்கக் குழலையும் பெரிய பறையையும் துணைக்கொண்டனர். அவ்வழக்கம் ஐரோப்பியப் படைகள் எங்கும் பரவிற்று. பிரான்சு நாட்டில் துவான் ஆர்போ என்னும் புனைபெயர் பூண்ட பாதிரியார் ஒருவர் 1589இல் வெளியிட்ட நாட்டிய நூலில், படை நடைக்குரிய பறையடிகளையும் எழுதி வைத்திருக்கிறார். பறையைத் தோள்வாரில் மாட்டி இடப்புறத் தொடையருகே சாய்வாகத் தொங்கவிட்டமையால், அதற்கு 'சைடு டிரம்' என்னும் பெயர் வாய்த்தது. இடக்கை கோலை உள்ளங்கை மேல்நோக்கப் பிடிக்கும் பழைய முறையும் அச்சாய்வினால் விளைந்ததே.

படைவீரனுக்கு அக்காலத்தில் கடிகாரமும் கட்டளையும் இம்முரசே. துயிலெழவும், நடக்கவும், பின்வாங்கவும் தனித்தனி அடிகள் உண்டு. 'டாட்டூ' எனப்படும் இராணுவ இசைக்காட்சியின் பெயர், மதுக்கடைக் குழாய்களை மூடச் சொல்லும் டச்சுச் சொற்றொடரிலிருந்து வந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 29ஆம் நாள் மாலையில் நம் தில்லி விஜய் சௌக்கில் நிகழும் 'பீட்டிங் ரிட்ரீட்' விழாவும் அப்பழைய வழக்கத்தின் நினைவே.

போர்க்களத்திலிருந்து டிரம் இசையரங்கிற்கும் ஏறிற்று. ரோசினி என்னும் இத்தாலியர் 1817இல் தம் இசைநாடகம் ஒன்றின் முன்னிசையை டிரம் முழக்கத்துடன் தொடங்கிவைத்தார். ராவெல் என்னும் பிரெஞ்சுக்காரர் 1928இல் இயற்றிய 'பொலேரோ'வில், முதலிலிருந்து இறுதிவரை ஒரே தாளக்கட்டை விடாது தாங்கி நிற்பது இந்த டிரம்மே.

அதன் உறுப்புகளும் காலத்தோடு மாறின. முன்பு கயிற்றினால் முறுக்கேற்றினர். 19ஆம் நூற்றாண்டில் திருகாணிகள் வந்தன. வாரினால் இழுத்துக் கட்டிய நம் தவிலுக்கும் பிற்காலத்தில் போல்ட்டும் நட்டும் வந்தமை அன்பர்கள் அறிந்ததே. கன்றுத்தோல் ஈரத்தில் தளரும், வெயிலில் இறுகும். தில்லியின் மார்கழிப் பனியில் அதனை நம்பி வெளியே கிளம்ப இயலாது. 1957ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் பிளாஸ்டிக் தோல் விற்பனைக்கு வந்து அக்குறையைத் தீர்த்தது. குடல்நரம்பின் இடத்தையும் சுருள்கம்பிகள் பிடித்துக்கொண்டன.

இவ்வளவும் அறிந்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, பழைய டிரம்மையும் அச்சிறுவனையும் உடன் அழைத்துக்கொண்டு மீரட்டுக்குப் புறப்பட்டோம். தில்லியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 1857இன் பெருங்கிளர்ச்சி மூண்ட அப்பட்டாளத்து நகரம், பாண்டு வாத்தியங்களுக்கும் பேர்போனது. இராணுவ பாண்டுகளோடு வளர்ந்த அத்தொழில் இன்று வடநாட்டுக் கல்யாண ஊர்வலங்களுக்கெல்லாம் வாத்தியம் அளிக்கிறது. 1885இல் நிறுவப்பெற்ற நாதிர் அலி கம்பெனி அங்குப் புகழ்பெற்றது. ஜலி கோட்டிப் பகுதியில் பித்தளைத் தகட்டைத் தட்டும் ஓசை தெருவெங்கும் கேட்கும்.

ஆறாண்டுகளுக்கு முன் பழைய டிரம்மை வேறோரிடத்தில் அதன் பளபளப்புக்காகவே வாங்கினோம். அப்பிழையை மீண்டும் செய்ய விரும்பவில்லை. ஒரு சிறிய கடையில் அமர்ந்திருந்த பெரியவர், "பாபுஜி, மேலே பார்க்காதீர்கள், கீழே காதை வையுங்கள்" என்றார். அவர் கற்பித்த முறை இது: முதலில் விளிம்போரத்தில் மெல்லத் தட்டவேண்டும், அம்மெல்லடிக்கும் கம்பிகள் விடை சொல்லவேண்டும். பின் ஓங்கி அடிக்கவேண்டும், குரல் நெரியலாகாது. கம்பிகளை விடுவிக்கும் நெம்புகோல் தளராது இயங்கவேண்டும். திருகாணிகள் யாவும் சீராகத் திரும்பவேண்டும். இறுதியில், சுமக்கப்போகும் சிறுவன் தோளில் மாட்டி நடந்து பார்க்கவேண்டும்.

அவ்வாறே சிறுவன் கடைக்கும் தெருமுனைக்குமாக மும்முறை நடந்தான். 14 அங்குல விட்டமுள்ள, பகட்டில்லாத ஒன்றைத் தேர்ந்தான். பெரியவர் நம் பழைய டிரம்மையும் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "மியான் சாஹேப், இது குப்பைக்குத்தானே?" என்று நாம் கேட்டதற்குச் சிரித்தார். உடலில் பழுதில்லை, கம்பிகளின் பற்று விட்டிருந்தது, அடித்தோல் கிழிந்திருந்தது, அவ்வளவே. சில நூறு ரூபாய்க்குள் அதனையும் பேசவைத்தார். ஐயாயிரத்துக்குள் இரண்டு டிரம்களோடு ஊர் திரும்பினோம்.

தவறு அச்சிறுவனுடையது அன்று என்பதை அன்றே தெளிந்தோம். கண்ணில் படாத அடிப்புறத்தை நாம் ஆறாண்டுகளாகக் கவனியாதிருந்ததே தவறு. அவனிடம் அதனைச் சொன்னோம்; ரயிலில் வரும்வழியெல்லாம் மடியிலிருந்த டிரம்மை விரல்களால் தட்டிக்கொண்டே வந்தான்.

இவ்வாண்டு விழாவில் இரு டிரம்களும் ஒருசேர முழங்கும். ஒலிபெருக்கி போதும் என்று வாதித்த அன்பர்களும் முன்வரிசையில் வந்தமர்ந்து கேட்டு, நம் சிறுவர்களை வாழ்த்தியருள வேண்டுகின்றோம்.