இரண்டு சங்கங்களும் ஒரு கட்டடமும்



கஷ்டம் வந்தால் சங்கத்துக்குப் போ என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்தச் சங்கங்களே ஒன்றோடொன்று மோதினால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவில் நடந்ததை இன்று பார்ப்போம்.

அங்கே கட்டட வேலையில் இரண்டு பெரிய சங்கங்கள் இருந்தன. சாரம் கட்டுவோர், காங்கிரீட் போடுவோர் ஆகியோருக்கு ஒரு கட்டடக் கூலியாளர் சம்மேளனம். தச்சர் முதலான கைவினைஞருக்கு இன்னொரு சங்கம். எந்த வேலை யாருக்கு, எந்த ஆள் எந்தச் சங்கத்தில் என்பதே தகராறு. நம் தோட்டத்தில் ஒரே நிரைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுவதைப் போலத்தான்.

கூலியாளர் சம்மேளனம் நல்லதும் செய்தது. 1971-இல் சிட்னியில் கெல்லிஸ் புஷ் என்ற சிறு காட்டைக் காக்கும்படி அவ்வூர்ப் பெண்கள் கேட்டார்கள். ஜாக் மண்டியின் தலைமையில் அந்தத் தொழிலாளர்கள் அங்கே வீடு கட்ட மறுத்துவிட்டார்கள். காடு பிழைத்தது.

ஆனால் காங்கிரீட் ஊற்றும்போது பாதியில் வேலையை நிறுத்துவதும் அவர்கள் ஆயுதம். பாதி ஊற்றியது இறுகிவிட்டால் இடிக்க வேண்டியதுதான். கட்டடம் நின்றால் தச்சனுக்கும் வேலையில்லை. முதலாளிமேல் எறிந்த கல் பக்கத்து வீட்டு அடுப்பிலும் விழுந்தது.

1974-இல் சம்மேளனத்தின் பதிவு ரத்தானது. 1976-இல் திரும்பக் கிடைத்தது. நம் நாட்டைப் போலவே அங்கும் பதிவுதான் சங்கத்தின் சட்ட பலம். 1981-இல் அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1985-இல் தலைவர் நார்ம் கல்லகர், கட்டட நிறுவனங்களிடம் கையூட்டுப் பெற்ற குற்றத்துக்காகச் சிறை சென்றார்.

1986 ஏப்ரலில் பிரதமர் பாப் ஹாக்கின் அரசு தனிச் சட்டம் இயற்றிப் பதிவை ரத்துச் செய்தது. 1969 முதல் 1980 வரை தொழிற்சங்கப் பேரவைக்குத் தலைவராக இருந்தவர்தான் இந்த ஹாக்! வேலைத்தல வாசலில் போலீஸ் நின்றது. பல ஆண்டுகள் சந்தா கட்டிய தொழிலாளி, வேறு சங்கத்தில் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் உள்ளே போகலாம் என்ற நிலை வந்தது.

1990-களில் இரு தரப்பும் ஒரே சங்கமாயின. அந்தச் சங்கத்தின் கட்டடப் பிரிவையும் 2024 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய அரசு ஒரு நிர்வாகியிடம் ஒப்படைத்தது.

தலைவர் தவறினார், தண்டம் உறுப்பினர்மேலும் விழுந்தது. ஆகவே, சந்தா கட்டுவதோடு நம் கடமை தீர்ந்துவிடவில்லை. கூட்டத்துக்குப் போவோம். கணக்குக் கேட்போம். அடுத்த சங்கத்தானும் நம்மைப் போல் உழைப்பவன்தான் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.