மைக்கோ பம்ப் ஏறிய மலைகள்

கூடலூரைத் தாண்டி ஊட்டி மலையேறும் பழைய சுற்றுலாப் பேருந்தின் இன்ஜினில், பக்கவாட்டில் முழங்கை நீளத்துக்கு ஓர் உருப்படி பொருத்தப்பட்டிருக்கும். அதன் தலையிலிருந்து ஆறு மெல்லிய எஃகுக் குழாய்கள் கிளம்பி ஆறு சிலிண்டர்களுக்கும் போகும். டீசலை அளந்து, அழுத்தி, சரியான நொடியில் உள்ளே பீய்ச்சுவது அதுதான். நாமக்கல் முதல் பெங்களூரு கலாசிப்பாளையம் வரை மெக்கானிக்குகளுக்கு அது 'மைக்கோ பம்ப்'. பெங்களூருவின் அடுகோடியில் பிறந்தது.

உலகச் சுற்றுலா வளர்ந்த கதையைப் பாடப்புத்தகங்கள் சொல்லும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் சுமார் 500 பேரை லெஸ்டரிலிருந்து லாஃப்பரோவுக்குத் தனி ரயிலில் அழைத்துப் போனார். 1958இல் போயிங் 707 அட்லாண்டிக்கைக் கடந்து சேவை தொடங்கியது. 1950இல் எல்லை தாண்டிச் சென்ற பயணிகள் 2.5 கோடி, 2019இல் சுமார் 146 கோடி. எல்லாம் உண்மை. ஆனால் இதில் நம் வீட்டுப் பாட்டியும் அத்தையும் போன திருப்பதி, வேளாங்கண்ணி, கன்னியாகுமரி எங்கே? 2019இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 1.09 கோடி. அதே ஆண்டில் உள்நாட்டுப் பயணங்கள் 230 கோடிக்கும் மேல். இந்தக் கூட்டத்தைச் சுமந்தவை ரயிலும் டீசல் பேருந்தும். அந்தப் பேருந்துகளின் கதையை அடுகோடியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கினால் ஏறும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1890களில் இதைக் கண்டார் என்றாலும், சாலை வண்டிக்குள் அடங்கும் அளவுக்கு அது சுருங்கப் பல ஆண்டுகள் ஆயின. தடையாக நின்றது எரிபொருளைச் செலுத்தும் வழி. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ராபர்ட் போஷின் நிறுவனம் 1922இல் அந்த வேலையில் இறங்கி, 1927இல் பம்ப்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகே லாரியும் பேருந்தும் டீசலுக்கு மாறின.

அந்த நிறுவனத்தின் கூட்டுறவோடு 1951இல் தொடங்கப்பட்டது மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி. சுருக்கமாக மைக்கோ. ஓசூர் சாலையை ஒட்டிய அடுகோடியில் தொழிற்சாலை எழுந்தது. ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்ப்பும் அங்கே உருவாயின. 1961இல் தொழிற்பயிற்சி மையமும் வந்தது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் அந்தப் பேட்டையில் மைக்கோ வேலை என்றால் நிலையான சம்பளம், நிமிர்ந்த தலை. 2008இல் கம்பெனி போஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது. பக்கத்து மைக்கோ லேஅவுட் இன்னும் மைக்கோ லேஅவுட்தான்.

பம்ப்புக்குள் இருப்பதைச் சொல்லாமல் அதன் அருமை விளங்காது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சர், அது ஏறி இறங்கும் ஒரு பேரல். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குகள் மட்டுமே. வாஷரோ ரப்பர் வளையமோ வைத்து அடைப்பதில்லை. இழைப்பின் நேர்த்தியே கசிவைத் தடுக்கிறது. அதனால் ஒரு பேரலுக்கு இணையாகச் சேர்த்த பிளஞ்சரை இன்னொன்றில் போடக் கூடாது. பிளஞ்சரின் உடம்பில் சாய்வாக ஒரு வெட்டு ஓடும். டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பிளஞ்சர் சற்றே திரும்பும். வெட்டின் இடம் மாறும். போகும் டீசலின் அளவும் மாறும். கணினி எதுவும் இல்லாமல் உலோகத்தைக் கொண்டே செய்த இந்தக் கணக்கைப் போல அழகான பொறியியல் வேலையை நான் அதிகம் கண்டதில்லை. கடைசியில் பம்ப்பைப் பரிசோதனை மேடையில் ஓட்டி, ஒவ்வொரு குழாயிலும் விழும் எண்ணெயைக் கண்ணாடிக் குடுவைகளில் அளந்து, ஆறும் சமமான பிறகே ஈய முத்திரை குத்துவார்கள்.

அந்நாளில் அடுகோடியிலிருந்து பம்ப் இன்ஜின் செய்யும் ஆலைக்குப் போகும். அசோக் லேலண்டுக்கு முதலில் எண்ணூர். 1980 முதல் அடுகோடிக்குத் தென்கிழக்கே அதே நெடுஞ்சாலையில் ஓசூர். அங்கே அது இன்ஜினில் ஏறி, இன்ஜின் சேசிஸில் ஏறும். கூரையும் சுவரும் இல்லாத வெறும் சேசிஸில் தலைக்குத் துண்டு கட்டிய டிரைவர் உட்கார்ந்து கரூருக்கு ஓட்டுவார். கரூரின் பாடி கட்டும் பட்டறைகளில் தகரம், கண்ணாடி, சாயும் இருக்கை, கூரைமேல் சாமான் கம்பி எல்லாம் சேர்ந்து அது சுற்றுலாப் பேருந்தாகும்.

பம்ப் இருந்தால் மட்டும் போதாது. போகிறவருக்குக் காசும் விடுப்பும், வண்டிக்குப் பர்மிட்டும் வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1956இல் விடுப்புப் பயணச் சலுகை வந்தது. கர்நாடகமும் தமிழ்நாடும் 1971இல் தத்தம் சுற்றுலா வளர்ச்சிக் கழகங்களை அமைத்தன. 1976இல் கர்நாடகம் தனியாரின் ஒப்பந்தப் பேருந்துகளை அரசுடைமை ஆக்கியது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அடுகோடியில் பிறந்த எத்தனையோ பம்ப்புகள் அப்போது ஒரே நாளில் முதலாளி மாறியிருக்கும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அகில இந்தியச் சுற்றுலா பர்மிட்டுக்கு இடம் வைத்தது. கர்நாடகத்தின் அந்த அரசுடைமைச் சட்டம் 2003இல் விலக்கப்பட்டது.

சுற்றுலா ஆய்வாளர் நீல் லெய்பர் 1979இல் ஒரு சட்டகம் தந்தார்: பயணி கிளம்பும் இடம், போய்ச்சேரும் இடம், இரண்டுக்கும் நடுவே கடக்கும் வழி. நம் சுற்றுலாத் துறை போய்ச்சேரும் இடத்துக்கே விளம்பரம் தேடுகிறது. வழியில் வேர்க்கிறவர்களை அது ஏட்டில் சேர்ப்பதில்லை. தென்னிந்தியச் சுற்றுலாவின் உழைப்பில் பெரும் பங்கு அந்த வழியில்தான் நடக்கிறது. இரவு டிரைவர், கேஸ் அடுப்போடு கூடவே வரும் சமையல்காரர், நெடுஞ்சாலை ஓரத்தில் பம்ப் பழுதுபார்க்கும் கடைக்காரர் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள்.

அந்தப் பம்ப் கடையைக் கவனியுங்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்று மெலிவு. சமவெளியில் எரித்த அதே டீசல் மலையில் முழுதாக எரியாமல் கரும்புகை கக்கும். 'இழுவை பத்தல' என்று ஈய முத்திரையை உடைத்து டீசல் அளவைக் கூட்டிவைக்கும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. இழுவை கொஞ்சம் கூடும், மைலேஜ் விழும், பின்னால் வருகிறவர் மூச்சடைக்க வேண்டும். நீலகிரியின் காற்றைச் சுவாசிக்க வந்தவர்களே அதைக் கெடுக்கும் இந்தப் பழக்கத்துக்கு எந்தச் சமாதானமும் எடுபடாது.

2020இல் கொரோனாத் தொற்றால் உலகச் சுற்றுலாவே ஏறக்குறைய நின்றது. எல்லை தாண்டிய பயணிகள் 40 கோடி அளவுக்குச் சரிந்தனர். இங்கே பேருந்துகள் மாதக்கணக்கில் ஷெட்டில் கிடந்தன. ஓடாத வண்டியின் டீசலில் ஈரம் சேர்ந்தால் பிளஞ்சர் துருவேறிப் பேரலோடு ஒட்டிக்கொள்ளும். கடன் தவணையோடு பம்ப் செலவும் சேர, வண்டியை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போன உரிமையாளர்கள் உண்டு.

அதே 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் வந்தன. புதிய பேருந்துகளில் பழைய பம்ப்புக்குப் பதில் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் காமன் ரெயில் முறை நிலைபெற்றது. அடுகோடியும் மாறிவிட்டது. உற்பத்தி பெங்களூருவை அடுத்த பிடதிக்கு நகர, பழைய ஆலை வளாகம் மென்பொருளும் ஆராய்ச்சியும் நடக்கும் இடமாகி 2022 ஜூனில் திறக்கப்பட்டது. உலகப் பயணிகள் 2024இல் மீண்டும் சுமார் 140 கோடியை எட்டினர். பழைய பம்ப்புகள் பல இன்னும் சாலையில் இருக்கின்றன.

அடுகோடிக்குப் பக்கத்திலேயே ஓசூர் சாலையில் கிறைஸ்ட் பல்கலைக்கழகம் சுற்றுலா மேலாண்மை கற்பிக்கிறது. அங்கும் மற்ற இடங்களிலும் இந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாமஸ் குக்கைச் சொல்லிக்கொடுத்த அதே வாரத்தில் மாணவர்களை ஒரு பம்ப் கடைக்கும் கரூர்ப் பட்டறைக்கும் கூட்டிப் போங்கள். அங்கே இருப்பவர்களின் பெயர்களையும் கணக்குகளையும் எழுதி வாங்குங்கள். அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் இப்போதே ஓய்வுபெற்று வருகிறார்கள்.