மணியும் கூலியும்

பைலட் என்றாலே கொழுத்த சம்பளம் என்றுதானே நினைக்கிறோம்? 2009 பிப்ரவரி 12. அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் வீட்டின் மேல் விழுந்து 50 பேர் பலி. வேகம் குறைந்தபோது மூக்கைத் தாழ்த்தியிருக்க வேண்டிய கேப்டன், தூக்கிவிட்டார்.

விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. துணை விமானியின் வருடச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்று சொல்லப்பட்டது! சியாட்டிலில் பெற்றோர் வீட்டிலிருந்து, இரவெல்லாம் சரக்கு விமானத்தில் தொற்றிக்கொண்டு டியூட்டிக்கு வந்திருக்கிறார்.

ஏன் இந்தக் கூலிக்குப் பறக்கணும்? பறந்த மணிக்கணக்கு ஏறினால்தான் பெரிய கம்பெனி கதவு திறக்கும்.

2013-இல் அமெரிக்கா புது விதி போட்டது: துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் கட்டாயம். வேடிக்கை என்னவென்றால், விழுந்த விமானத்தின் இரு விமானிகளுமே அதற்கு மேல் பறந்தவர்கள்! கூலியை விதி தொடவே இல்லை. பிற்பாடு அதை ஏற்றிவிட்டது பைலட் தட்டுப்பாடுதான்.