தோட்டம் கலைந்த பிறகு: கெடா தமிழரிடையே இணையக் காணொளி

மலேசியத் தமிழரின் இணையக் காணொளி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கருத்துகள் முன்னே வந்து நிற்கின்றன. கைப்பேசி வந்ததால் ஏழை எளியவருக்கும் மேடை கிடைத்துவிட்டது என்பது ஒன்று. டிக்டாக்கால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. ஆனால் இரண்டுமே காணொளி எடுப்பவரைத் தனியாளாகப் பார்க்கின்றன. அவர் யாருக்காக எடுக்கிறார், பார்ப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. கெடா மாநிலத்தின் கோல மூடா, கூலிம் வட்டாரங்களை வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தோட்டங்கள் கலைந்து சிதறிப்போன மக்கள் மறுபடி ஒருவரையொருவர் பார்க்கவும் கேட்கவும் கிடைத்த வழியாகவே இங்கு இணையக் காணொளி முதலில் வேரூன்றியது. வருமானமும் புகழும் அதன் பக்க விளைவுகள். இந்த மக்களின் நினைவுகள் அவர்கள் கை எட்டாத இடத்தில் குவிகின்றன என்ற ஆபத்தும் இப்படிப் பார்க்கும்போதுதான் கண்ணில் படுகிறது.

கெடா மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறக்குறைய 7 விழுக்காடு. அவர்களில் பெரும்பாலோர் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் பகுதிகளில் வாழ்கிறார்கள். இவை ரப்பர்த் தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர்கள். பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி 1946-47இல் தொண்டர் படையை அமைத்துக் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மக்களைத் திரட்டியபோது, அவருக்குத் துண்டறிக்கை அவ்வளவாகத் தேவைப்பட்டிருக்காது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் ஒட்டி ஒட்டி இருந்தன. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரும் கூடினார்கள். கோயில், பள்ளிக்கூடம், திடல் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. அந்த மக்களுக்கு இடம்தான் ஊடகம். காமன் கூத்தும் மேடை நாடகமும் திடலில் திரை கட்டிக் காட்டிய படமும் அந்த இடத்தில் நடந்தவையே.

ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் ஆள் தேவை குறைந்தது. இருந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பால்வெட்டியவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறினார்கள், பலர் பினாங்குக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். ஒரு லயத்தில் இருந்த இருபது குடும்பங்கள் பத்துத் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) போய் விழுந்தன. இந்தக் குடிபெயர்வின் பொருளாதாரம் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஒரே கூட்டமாக அமர்ந்து பார்த்தவர்கள் கலைந்துபோனார்களே, அந்த இழப்பைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

தோட்டம் கலைவதற்கு முன்னும் பின்னும் வந்த ஊடகங்கள் ஒவ்வொன்றும் தோட்ட மக்களைப் பார்வையாளராகவே வைத்திருந்தன. 1963 டிசம்பர் 28 அன்று மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. எண்பதுகளில் வீடியோ நாடா வீட்டுக்குள் வந்தது. 1996இல் அஸ்ட்ரோ வந்தபின் லயத்துக் கூரைகளிலும் தட்டு முளைத்தது. வானவில் ஒளிவரிசையோடு சன் தொலைக்காட்சியும் வந்து சேர்ந்தது. வானொலித் தமிழ்ப் பிரிவின் செம்மையான தமிழை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். படிக்க வாய்ப்பில்லாத தலைமுறைக்கு அதுவே பள்ளிக்கூடமாக இருந்தது. ஆனாலும் 'மண்டோர்', 'கித்தா', 'ஒட்டுப்பால்', 'பசார் மாலாம்' என்று மலாயும் ஆங்கிலமும் ஊடுபாவாகக் கலந்த தோட்டத்துப் பேச்சு ஒலிபரப்புக்கு உரியதாகக் கருதப்படவில்லை. ஷான்ஜே குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' திரைப்படம் 2015இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது பலர் நெகிழ்ந்ததற்குக் கதை ஒரு காரணம். நம் வீட்டில் பேசுவதுபோல் திரையில் பேசுகிறார்களே என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அதே காலத்தில் அந்தப் பேச்சு கைப்பேசித் திரைகளில் ஏற்கெனவே கேட்கத் தொடங்கியிருந்தது. சுங்கைப் பட்டாணி வட்டாரத்து உருமி மேளக் குழு ஒன்றின் காணொளியை எடுத்துக்கொள்ளலாம். செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு மாரியம்மன் கோயில். சுற்றிலும் லயங்கள் இல்லை, சிமெண்டுத் தரை மட்டும் ஆங்காங்கே தெரிகிறது. இளைஞர்கள் ஒரே நிறச் சட்டையில் நிற்கிறார்கள். உருமியின் இழுப்பு தொடங்கியதும் கரகம் எடுத்தவர் உடல் அசைகிறது, கைப்பேசி கூட்டத்துக்குள் நுழைகிறது, படம் ஆடுகிறது. படப்பிடிப்புக் கலை என்று பார்த்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கீழே வரும் கருத்துகளைப் படித்தால்தான் அது என்ன செய்கிறது என்று தெரியும். ஒருவர் தாம் பிறந்த டிவிஷனை, அதாவது தோட்டப் பிரிவை, சொல்கிறார். இன்னொருவர் கூட்டத்தில் நிற்கும் கிழவியை அடையாளம் கண்டு, "நம்ம பாட்டி இன்னும் நல்லா இருக்காங்க" என்கிறார். சிங்கப்பூரில் வேலை செய்பவர் அடுத்த வருடத் திருவிழா எந்தத் தேதி என்று கேட்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை தோட்டத்துக் கோயிலுக்குத் திரும்பும் வழக்கம் முன்பே இருந்தது. காணொளி அதை ஆண்டு முழுவதும் நீட்டித் தருகிறது.

இதே காணொளி அந்தக் குழுவின் விளம்பரமும்கூட. தீமிதிக்கு மேளம் தேடும் கோயில் செயலாளர் இப்போது அச்சிட்ட அட்டையைப் பார்ப்பதில்லை. முகநூலில் பார்த்துவிட்டுப் புலனத்தில் (வாட்ஸ்அப்) விலை கேட்கிறார். கல்யாண மேடை அலங்காரம், மருதாணி, முறுக்கு, அதிரசம், சேலை என்று சிறு வணிகம் எல்லாம் இந்த வழிக்கு மாறியிருக்கிறது. சேலை நேரலை ஒன்றைச் சற்று நேரம் பார்த்தாலே அதன் நுட்பம் விளங்கும். விற்பவர் சேலையை விரித்து முந்தானையைக் கையில் சுற்றிக் காட்டுகிறார், எண்ணைச் சொல்கிறார், எண்ணை முதலில் எழுதியவருக்கு அது உரிமையாகிறது. நடுநடுவே பெயர் சொல்லி நலம் விசாரிக்கிறார்: "செல்வி அக்கா, மகளுக்குப் பரீட்சை முடிஞ்சிச்சா?" கடையில் நடந்த உறவாடல் அப்படியே திரைக்குப் போயிருக்கிறது. 2022இல் டிக்டாக் ஷாப் மலேசியாவுக்கு வந்தபின் பணம் செலுத்துவதும் பொருள் அனுப்புவதும் அதற்குள்ளேயே முடிகின்றன. வசதி பெருகியது, அதே நேரம் வாங்குபவர் பட்டியல் விற்பவரின் குறிப்பேட்டிலிருந்து நிறுவனத்தின் கணினிக்குப் போய்விட்டது.

விளம்பர வருமானத்தை நம்பிக் காணொளி எடுப்பவரின் கணக்கு வேறு. யூடியூபில் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும் 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று 2018இல் விதி வந்தது. பின்னர் குறுங்காணொளிக்குத் தனி அளவுகோலும் சேர்ந்தது. நீண்ட காணொளியின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு எடுத்தவருக்கு. தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு செல்லும். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தின் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் 1 கோடி சந்தாதாரரை எட்டிய முதல் தமிழ் அலைவரிசை ஆனது. மலேசிய இந்தியர்கள் மொத்தமே ஏறக்குறைய 20 லட்சம். தோட்டத் தமிழில் பேசுபவருக்கு அந்த வட்டம்தான் எல்லை. அதிலிருந்து விளம்பரத்தால் மட்டும் குடும்பம் நடத்துவது மிகச் சிலருக்கே கூடும்.

இந்த இடத்தில் பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த பவித்ராவையும் சுகுவையும் நினைக்காமல் இருக்க முடியாது. தோட்டத்தில் உழைத்த இந்தத் தம்பதியர் தங்கள் சமையலை 2020இல் காணொளியாக வெளியிட்டார்கள். மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து நாடே வீட்டுக்குள் அடைந்திருந்த வேளை அது. சில மாதங்களில் பல லட்சம் பேர் சேர்ந்தார்கள். அப்போதைய பிரதமர் முகைதீன் யாசின் ஜூன் மாதம் பொருளாதார மீட்சித் திட்டத்தை அறிவித்த உரையில் பவித்ராவை எடுத்துக்காட்டாகச் சொன்னார். பவித்ரா சரளமான மலாயில் சமைத்துக் காட்டினார் என்பதை ஆய்வாளர்கள் அழுத்தமாகக் குறிக்க வேண்டும். ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பெண் நாட்டின் எல்லா இனத்தாரின் வீட்டுக்குள்ளும் நுழைந்தது பெருமைக்குரியது. அதற்குத் தேசிய மொழி வேண்டியிருந்தது. தமிழில் பேசினால் நெருக்கம் கிடைக்கும், மலாயில் பேசினால் எண்ணிக்கை கிடைக்கும். கெடாவில் காணொளி எடுக்கும் இளைஞர் ஒவ்வொருவரும் இந்தத் தேர்வைத் தினமும் செய்கிறார்கள். பலர் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டையும் செய்கிறார்கள்.

டிக்டாக்கின் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. 2020 ஜூன் 29 அன்று இந்தியா அந்தச் செயலியைத் தடை செய்தது. ஒரே இரவில் தமிழ்நாடு அதிலிருந்து மறைந்தது. மிஞ்சியவர்கள் மலேசியா, இலங்கை, சிங்கப்பூர், வளைகுடா, ஐரோப்பா எனப் பரவிய தமிழர்கள். சென்னையின் பெருங்கூட்டம் இல்லாத பெரிய தமிழ்ப் பொழுதுபோக்கு வெளி ஒன்று இதற்கு முன் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்தார் பேச்சைக் கூலிம் பெண் நடித்துக் காட்டுவதும், அதற்குக் கனடாவிலிருந்து மறுமொழி வருவதும் இந்த வெளியில் இயல்பானவை. எனினும் உதட்டசைவுக்கு ஒலிக்கும் பாட்டும் வசனமும் பெரும்பாலும் கோடம்பாக்கத்தினுடையவையே. முகம் நம்முடையதாகிவிட்டது, குரல் இன்னும் முழுதும் ஆகவில்லை. மலேசியத் தமிழ்ச் சொல்லிசையும் உருமியும் அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பதை நம்பிக்கையோடு பார்க்கிறேன்.

பொதுவாழ்விலும் இந்தக் கைப்பேசிக் காணொளிப் பழக்கம் பயன்பட்டது. 2021 ஜனவரியில், நோய்ப்பரவல் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டிக் கெடா மந்திரி பெசார் (மாநில முதல்வர்) முகமட் சனுசி தைப்பூசச் சிறப்பு விடுமுறையை ரத்து செய்தார். ஊர்வலம் கூடாது என்பதை ஏற்றவர்களுக்கும் விடுமுறையைப் பறித்தது பொறுக்கவில்லை. தெருவில் கூட முடியாத அந்த நாள்களில் எதிர்ப்பு கைப்பேசி வழியாகவே பரவியது. பூசையும் நேரலையாகவே வீடுகளுக்கு வந்தது. சுங்கைப் பட்டாணித் தைப்பூசத்துக்கு வழக்கமாக நடந்தே போகும் குடும்பங்கள் தொலைக்காட்சித் திரையோடு கைப்பேசியை இணைத்து, முன்னே சூடம் கொளுத்திக் கும்பிட்டன. இதை வழிபாட்டின் தேய்வு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கு இதுவே இன்றும் தைப்பூசம்.

மறுபக்கத்தை மூடிவைக்கவும் கூடாது. 2024 ஜூலையில் கோலாலம்பூரில் ஈஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாவு, டிக்டாக்கில் தொடர்ந்த அவதூறுக்குப் பிறகு உயிரை விட்டார். கெடாவின் தமிழ் வீடுகளில் அன்று அதைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. வசையாடியவர்களில் ஒருவருக்கு முதலில் விதிக்கப்பட்ட தண்டம் 100 ரிங்கிட் என்ற செய்தி மக்களைக் கொதிக்க வைத்தது. இணையப் பகடிவதைக்கு எதிராகத் தண்டனைச் சட்டம் திருத்தப்பட அந்தத் துயரமே முக்கியத் தூண்டுதல். நெருக்கமான சிறு சமூகத்தில் அவதூறு வேகமாகச் சுடும். எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். மலாய்ச் சொல்லும் வட்டார வசையும் கலந்த தோட்டத் தமிழைக் கணினி வடிகட்டி எளிதில் பிடிக்காது. தமிழ்நாட்டு வழக்கு மட்டும் அறிந்த ஆளுக்கும் அதில் பாதி பிடிபடாது. 2025 ஜனவரி 1 முதல் மலேசியாவில் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் கொண்ட சமூக ஊடக நிறுவனங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற விதி நடப்பில் இருக்கிறது. அந்த உரிமத்தின் நிபந்தனைகளில் மலேசியத் தமிழ் அறிந்த கண்காணிப்பாளர்களைக் கேட்டு வாங்குவது நம் அமைப்புகளின் உடனடி வேலை. அதே சமயம் கட்டுப்பாடு எங்கே முடியும் என்ற கேள்வியும் உண்டு. 2020 ஜூலையில் எல்லாக் காணொளிகளுக்கும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸின் உரிமம் வேண்டும் என்ற பொருள்பட அமைச்சர் நாடாளுமன்றத்தில் பேசி, எதிர்ப்பு எழுந்ததும் அரசு பின்வாங்கியது. அது நிலைத்திருந்தால் முறுக்குச் சுடும் அம்மாவும் உரிமம் எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

நான் மிகவும் கவலைப்படுவது நினைவைப் பற்றி. கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி மூடுவிழா, கடைசியாக இடிக்கப்பட்ட லயம், பால்வெட்டிய கிழவர் தம் கத்தியைத் தீட்டிக் காட்டியது என இன்று கெடா தோட்ட வாழ்வின் சான்றுகளில் பெரும் பகுதி முகநூல் கணக்குகளில் இருக்கிறது. கணக்கு முடங்கினால் அது போயிற்று. பாடல் உரிமைப் புகார் ஒன்று வந்தால் கரகத்தின் உருமி ஒலியே ஊமையாகும். சுகு-பவித்ரா அலைவரிசையின் முதல் காணொளிகள், நாடு முழுவதும் பார்த்தவை, 2020இலேயே நீக்கப்பட்டன. நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் 1986, நாட்டில் வெளியாகும் அச்சுப் பொருளையும் ஒலி, ஒளிப் பொருளையும் தேசிய நூலகத்துக்குத் தர வேண்டும் என்கிறது. வெளிநாட்டுக் கணினியில் கிடக்கும் ஒரு கோயில் நேரலையை யாரும் அப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறையும், பீடோங் வட்டாரத்திலேயே இருக்கும் எயிம்ஸ்ட் பல்கலைக்கழகமும், சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்தால், எடுத்தவரின் ஒப்புதலோடு மூலக் கோப்புகளைப் பெற்று, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த ஆண்டு, யார் யார் என்று குறித்துச் சேர்க்க முடியும். தனியார் துயரத்தைக் காட்டுபவற்றைப் பல ஆண்டுகள் மூடி வைக்கும் விதியும் அதில் வேண்டும்.

முதலில் அணுக வேண்டியவர்கள் ஊர்க் கல்யாணப் படப்பிடிப்பாளர்கள். சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் எண்பதுகளிலிருந்து இந்தத் தொழில் செய்தவர்களின் அலமாரிகளில் வீடியோ நாடாக்கள் இருக்கின்றன. தோட்டத்து மண்டபங்களும் லயத்து வாசல்களும் அவற்றில்தான் அசைகின்றன. இந்த ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும், ஓட்டிப் பார்க்கும் பெட்டிகளும் அரிதாகிவருகின்றன. அந்த நாடாக்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லக்கூடியவர்கள் இப்போது எழுபது வயதைக் கடந்தவர்கள்.