ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம்

வகுத்தற் கணக்குப் பயிலும் மாணாக்கனுக்கு 975,000 இனிமையானதோர் எண். அதனைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பின் 2 மும்முறையும், 3 ஒருமுறையும், 5 ஐம்முறையும், 13 ஒருமுறையும் வரும். மீதியின்றி அதனை வகுக்கவல்ல எண்கள் 96 உள. அவற்றுள் 13 என்பதே ஈண்டு நமக்கு வேண்டுவது.

1964 ஒக்டோபர் 30இல் புதுடில்லியில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, இலங்கையில் நாடற்றோராய் நின்ற இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 975,000 பேர் எனக் கொண்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் முடிவாகும். 75,000 பேரை ஒரு பங்காகக் கொள்ளின் இவை 7, 4, 2 பங்குகள், கூட்டுத்தொகை 13. 1974இல் இந்திரா காந்தியும் ஸ்ரீமாவோவும் எஞ்சிய இரு பங்கையும் ஆளுக்கொன்றாகப் பகிர, விகிதம் 8க்கு 5 ஆயிற்று. ‘ஏறத்தாழ’ எனத் தொடங்கிய தொகை மீதியே இன்றி வகுபட்டமை வியப்பே!

இரு பணிகளும் 15 ஆண்டுகளில், தம்முள் விகிதம் பிறழாது நடைபெறல் வேண்டும் என்பது ஏற்பாடு. அஃதாவது, ஆண்டுக்கு 35,000 பேர் கடல் கடக்க, 20,000 பேர் பிரசைகளாவர். ஆக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தே கிடக்கும் டயகமத் தோட்டத்தின் லயமொன்றில் 11 பேரை எண்ணிக்கொள்வோம். அவருள் நால்வர் இங்கே உரிமை பெறுதற்கு எழுவர் புறப்படவேண்டும் என்பதே அக்கணக்கின் பொருள். பெரட்டுக்களத்திலும் நாடோறும் ஆட்கணக்கு எடுப்பதுண்டு. கொழுந்து குறைந்தவருக்கு ‘அரைப்பேர்’ இடுவதுமுண்டு. ஆயின் அங்கே பாதியாவது கூலியே, ஆளன்று.

மக்கள் தாமே விண்ணப்பித்தபோது விகிதம் தலைகீழாயிற்று. 1970இல் விண்ணப்பக் காலம் முடிந்தபோது இந்தியாவை வேண்டினோர் ஏறத்தாழ 4 இலட்சம். இலங்கையை வேண்டினோரோ 6 இலட்சத்துக்கும் மேல். இரண்டையும் கூட்டினால் 975,000ஐயும் கடந்துவிடுகிறது. இடையே பிறந்த குழந்தைகளால் தொகையும் பெருகிக்கொண்டேயிருந்தது. காரணிப்படுத்திய எண் ஏட்டிலன்றி நாட்டில் இல்லை.

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குச் சென்ற கப்பல் 1984இல் நின்றது. தாயகம் திரும்புவோரின் பயணமும் அதனோடு தடைப்பட்டது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருட் பலருக்கு இலங்கைக் குடியுரிமை அளித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்திலோ பங்குமில்லை, விகிதமுமில்லை. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வதிந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் உரியர் என்றது அச்சட்டம். பழைய உடன்படிக்கையின் நாள் மாத்திரம் அதில் எஞ்சியது.